அசையாமல் இருக்க வேண்டிய சாயங்காலம்

சத்யவேணியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "உக்காந்திருக்கிற வேலை" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். ஐம்பதை நெருங்கும் வயதில் இடுப்புக்குக் கீழே ஒரு வலி வந்து குடியேறி வாடகையும் தராமல் இருந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அதில் வேடிக்கை ஒன்றும் அவளுக்குத் தென்படவில்லை.

ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடம் எழும்புவதை, ஒரு மேகம் மலையேறுவதை, ஒரு பகல் இரவாவதைச் சுருக்கிப் படமாகக் காட்ட வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அரை நிமிடம். எடுக்கிறவளுக்கு அரை நாள். அவளிடம் ஒரு சின்னத் தண்டவாளம் இருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு போகிற நீளம்தான். ஸ்லைடர் என்பார்கள் தொழிலில். கேமராவை அதன்மேல் பூட்டி மோட்டாரை முடுக்கிவிட்டால் ஒரு படம் எடுக்கும், மயிரிழை நகரும், நிற்கும், மறுபடி ஒரு படம் எடுக்கும். நத்தைகூட அதை முந்திக்கொண்டு போய்விடும். எடுத்த படங்களை வரிசையாக ஓடவிட்டால் மட்டும், யாரோ காற்றில் மிதந்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். அந்த மிதப்பைப் பார்த்தவர்கள் அவளை ஏதோ ஞானி என்று நினைத்துக்கொண்டார்கள். ஈக்களை விரட்டிக்கொண்டு, வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு அவள் உட்கார்ந்திருப்பது படத்தில் தெரியாதல்லவா.

கொண்டலராவைக் கட்டிக்கொண்டபோது இதெல்லாம் கிடையாது. அவன் அத்தை மகன். சிறுவயதிலிருந்தே "பாவா, பாவா" என்று கூப்பிட்டு, அவன் தலை முடியைப் பிடித்து இழுத்து வளர்ந்தவள் அவள். பூர்ணா மார்க்கெட்டின் பின்சந்தில் அவனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாணங்களுக்கு அவன் கேமராவோடு போவான். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ரோஜாப்பூவுக்குள் ஒட்டிக் கொடுப்பாள். நல்ல கைகாரன்தான். ஆனால் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஒரு வருஷம் காடை வளர்த்தான். ஒரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் விற்றான். கடைசியில் ஸ்ரீகாகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாமியாரிடம் நாற்பது நாள் தீட்சை என்று துணிப்பையோடு பஸ் ஏறினான். நாற்பது நாள் ஆறு வருஷமாக நீண்டது.

நடுவில் அவன் அம்மா, அதாவது வேணியின் அத்தை, பக்கவாதம் வந்து படுத்தாள். வேணிதான் மலம் மூத்திரம் அள்ளினாள். செத்தபோது மகனுக்குத் தகவல் போயிற்று. பத்தாம் நாள் வந்து தர்ப்பணம் செய்துவிட்டு, ஆசிரமத்தில் ஹோமம் இருக்கிறது என்று அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான். அவனோடு சண்டை போட வேண்டுமென்று அவளுக்கு ஆசைதான். சண்டைக்கும் ஆள் எதிரே இருந்தாக வேண்டுமே.

ஸ்டூடியோவை அவளே நடத்தினாள். பாதியில் நின்றுபோன ஒரு குறும்படக் கோஷ்டியிடமிருந்து அந்தத் தண்டவாளத்தை வாங்கினாள். எப்படி ஓட்டுவதென்று விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். மகள் ஹாரிகா நர்ஸ் படிப்பு முடித்து ஹைதராபாத்தில் வேலைக்குப் போனது அந்தத் தண்டவாளத்தின்மேல் ஏறித்தான்.

நடந்தது மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாளன்று. இரண்டு மாதம் கடலுக்குப் போகாத விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அன்று முழுக்க ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றுவார்கள். முகப்பில் மாலையைக் கட்டித் தேங்காய் உடைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாப் படகிலும் விளக்கு எரியும். வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அந்தக் காட்சி. ஹைதராபாத்தில் ஒரு படக் கம்பெனிக்காரர் அதைப் பகலிலிருந்து இரவுவரை ஒரே ஓட்டமாகக் கேட்டிருந்தார். போன வருஷம் மழை கெடுத்தது. "இந்த வருஷமும் விட்டுட்டா வேற ஆளைத்தான் பாக்கணும் மேடம்" என்று மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

துறைமுகத்தின் ஓரத்தில் மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரி ஒன்றின் மேல்தளத்தை அவள் பார்த்து வைத்திருந்தாள். கதவில்லாத பெரிய திறப்பு. கீழே படகுகள், எதிரே யாராடா என்கிற மலை, மலைமேல் லைட்ஹவுஸ். இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. ஒரே ஒரு குறை, தளம் மரப்பலகை. இரும்புச் சட்டங்கள்மேல் பலகை அடித்திருந்தார்கள். இந்த மூலையில் ஒரு பூனை நடந்தால் அந்த மூலைவரை அதிரும். பகல் வெளிச்சத்தில் கேமரா கண்சிமிட்டும் நேரத்தில் படம் எடுத்துவிடும், கொஞ்சம் அதிர்ந்தால் பெரிதாகத் தெரியாது. இருட்ட இருட்ட அது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கும். அப்போது யாராவது கால் மாற்றி நின்றாலும் அத்தனை விளக்கும் புழுவாக நெளிந்துவிடும். தளத்தின் நடுவே, முன்பு ஐஸ் கட்டிகளைக் கீழே சறுக்கிவிட்ட துவாரம் ஒன்று மூடியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஒதுங்கித்தான் நடக்க வேண்டும்.

காவல்காரர் எர்ரய்யா சாமான்களை மேலேற்றக் கை கொடுத்தார். கூடவே இட்லி மாவில் உருட்டிப் பொரித்த புனுகுலு ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார்.

"நீ ஆரம்பிச்சதும் ஒரு ஈ காக்காயை மேல விடமாட்டேன் தாயீ. எமனே வந்தாலும் கேட்டுல நிறுத்தி பீடி குடுத்து உக்கார வெச்சிடறேன்."

"எமனுக்குப் பீடி, எனக்குப் புனுகுலு. சரி, நீங்க இறங்கிப் போங்க. படியில மெதுவா."

வெயில் மலையின் மேற்குச் சரிவில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தபோது அவள் மோட்டாரை முடுக்கினாள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சிமென்ட் சாக்கை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கேமராவைத் தொடக் கூடாது. வெளிச்சம் குறையக் குறைய மாற்ற வேண்டியதைக் கைப்பேசியிலிருந்தே மாற்றுவாள். காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் கண் எரிந்தது. புனுகுலு பொட்டலம் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. போய் எடுக்கவும் மனமில்லை. அப்படியே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்க இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, தயங்கித் தயங்கி.

"எர்ரய்யா? மேல வராதீங்க! ஓடிட்டிருக்கு!"

காலடி நிற்கவில்லை. வாசலில் ஒரு மழித்த தலை தெரிந்தது. பிறகு நரைத்த தாடி, வெளுத்துப்போன மஞ்சள் வேட்டி, துணிப்பை.

"நான்தான் வேணி."

ஆறு வருஷமாக இந்த நிமிஷத்துக்கென்று அவள் எத்தனையோ வசனம் சேர்த்து வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, தூக்கம் வராதபோதெல்லாம் ஒத்திகை பார்த்ததுதான். வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"அசையாதே."

"என்னது?"

"அங்கயே உக்காரு பாவா. பலகை ஆடும்."

கொண்டலராவ் தொழில்காரன். அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை. வாசலை ஒட்டிய பலகையில் கையை ஊன்றி, முட்டி மடக்கி, சத்தமில்லாமல் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நல்லா இருட்டற வரைக்கும். போகணும்னா இப்பவே போயிடு. வெளிச்சம் இருக்கும்போது கொஞ்சம் ஆடினா பரவால்ல, இருட்டினப்புறம் ஆட்டக் கூடாது."

"போகறதுக்கா வந்தேன்? இனிமே எனக்கு எங்கயும் அவசரம் கிடையாது."

ஆசிரமத்துப் பேச்சு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே எட்டிப் பார்க்காமலேயே கத்தினாள்:

"எர்ரய்யா! யாரையும் விடமாட்டேன்னீங்களே!"

கீழேயிருந்து பதில் வந்தது. "எமனை நிறுத்தறேன்னுதான் சொன்னேன் தாயீ. புருஷனை நிறுத்தறேன்னு சொல்லலையே! கைல பையோட வந்து, நான் அவ வீட்டுக்காரன்னு நிக்கிறாரு. நான் என்ன பண்ண?"

கீழே ஐஸ் உடைக்கிற சத்தமும், யாரோ யாரையோ அம்மா பேரைச் சொல்லித் திட்டுவதும், டீசல் வாடையும் மேலே ஏறி வந்தன. கேமரா தன் பாட்டுக்கு நகர்ந்தது. அவர்களுக்கு இடையே அந்தத் தளத்தின் அகலம் முழுவதும் கிடந்தது. இருவருமே எழுந்து போக முடியாது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவன் இப்படி ஓரிடத்தில் அவளோடு சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

அவன்தான் ஆரம்பித்தான். "நீ இங்க இருப்பேன்னு ஹாரிகா சொன்னா."

"மகளுக்கு போன் பண்ண சாமி அனுமதி குடுத்துட்டாரா?"

"சாமி போயிட்டாரு. தை மாசம். அப்புறம் அவரு மருமகன் வந்து உக்காந்தான். சேவை பண்றவங்க எல்லாம் வேற இடம் பாத்துக்கங்கன்னுட்டான்."

"அப்ப வேற போக்கிடம் இல்லாம இங்க வந்திருக்க."

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிச் சொல்லலாம், நீயே சொல்லேன். எனக்கும் பொழுது போகணுமில்ல."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு. அவளுக்கும் உதடு கொஞ்சம் இளகியது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று கைப்பேசிக்குள் குனிந்துகொண்டாள். அவன் பார்க்கவில்லை. அவன் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தாலும் கண் வேறெங்கோ இருந்தது.

"சாப்பிட்டியா வேணி?"

"அதோ, தூணுக்குப் பக்கத்துல புனுகுலு இருக்கு. எடுக்க முடியாது. பாத்துக்கிட்டே இரு, பசி ஆறும்."

"எங்க?"

"கண்ணு முன்னாடி இருக்கு, எங்கங்கற!"

அவன் மறுபடி கேட்கவில்லை.

சூரியன் ஊருக்குப் பின்னால் இருந்த மலைகளில் இறங்கியது. யாராடா மலை செக்கச் சிவந்து, பிறகு கருத்தது. வானம் அந்த நீலத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நீலத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். கொஞ்ச நேரமே நிற்கும். அந்த நேரத்தில் வானமும் விளக்குகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் சேர்ந்து தெரியும். படகுகளில் ஒன்று, பத்து, நூறு என்று விளக்கு எரிய ஆரம்பித்தது. தண்ணீரில் அதன் நிழல் இறங்கியது. அவள் கைப்பேசியில் எண்களை மாற்றிக்கொண்டேயிருந்தாள். கேமரா இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல ஒவ்வொரு படத்துக்கும் நேரம் எடுத்துக்கொண்டது.

"விளக்கு போட்டாச்சா?" என்று கேட்டான் கொண்டலராவ்.

"ஏன், தூங்கிட்டியா?"

"இல்ல, கேட்டேன்."

எரிச்சலாக வந்தது அவளுக்கு. உலகமே ஜொலிக்கிறது, இவன் உட்கார்ந்து கேள்வி கேட்கிறான். ஆசிரமத்தில் எல்லாவற்றையும் மாயை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

சற்றுப் பொறுத்து அவன் வேறு குரலில் கேட்டான். "அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

பத்தாம் நாள் வந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்றைக்குக் கேட்டிருந்தால் அவள் பொய் சொல்லியிருப்பாள். கேட்டாங்க பாவா, உன் பேரையே சொல்லிக்கிட்டிருந்தாங்க என்று சொல்லி அழக்கூட அழுதிருப்பாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

"கேக்கல," என்றாள். "அத்தைக்குப் பேச்சு குழறிடுச்சு. தெளிவா வந்தது என் பேரு மட்டும்தான். வேணி தண்ணி, வேணி திருப்பு, வேணி வலிக்குது. ஒரு தடவை நானே உன் பேரைச் சொல்லி, வரச் சொல்லட்டுமா அத்தைன்னேன். வேணாம்னு கையை ஆட்டுனாங்க."

கொண்டலராவ் பையைத் தோளில் மாட்டினான். பிறகு எழுந்தான்.

பலகை ஒரு முனகல் முனகியது. "பாவா, உக்காரு! இப்பதான் முக்கியமான நேரம்!"

"நான் கீழ இருக்கேன் வேணி. முடிச்சிட்டு வா."

"உக்காருன்னா!"

"என்னால இங்க உக்கார முடியல."

அவன் நடந்தான். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பாதத்தால் பலகையைத் துழாவித் துழாவி நடந்தான். வாசல் அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அவனோ தளத்தின் நடுப்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். துவாரத்தைப் பார்த்து.

"நில்லு!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

"படி எந்தப் பக்கம் இருக்கு? சொல்லு."

அவன் தூக்கிய காலை மெல்ல ஊன்றித் தலையை இரு பக்கமும் திருப்பினான்.

"பாவா, உன்னைத்தான் கேக்கறேன். படி எங்க இருக்கு?"

"தெரியல வேணி," என்றான் அவன். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "இருட்டினா எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

வெளியே அந்த நீலம் முழுதாக வந்து நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை வருவது. தண்டவாளத்தில் கேமரா முக்கால் பங்கு தூரம் கடந்திருந்தது. அப்படியே நில், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சொன்னால் அவன் நிற்பான், இன்றைக்கு நிற்பான். சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். யோசித்தாள் என்பதுதான் உண்மை. பிறகு மகளிடம்கூட அதை அவள் மறைக்கவில்லை.

எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். இருந்தும் ஒவ்வொரு அடிக்கும் தளம் அதிர்வது அவள் பல்லில் தெரிந்தது. சுவரோரமாகச் சுற்றிப் போய் அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்திருந்தால் துவாரம். கீழே சிமென்ட் தரை. அவனுக்கு அதைச் சொல்லவில்லை. தன் பக்கமாக நடத்தி வந்து, சிமென்ட் சாக்கின் மறுபாதியில் உட்கார வைத்தாள். வரும் வழியில் புனுகுலு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள். கெட்டது கெட்டாயிற்று, பசியாவது ஆறட்டும்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா. முதல்ல ஓரத்துல மங்குச்சு. அப்புறம் சாயங்காலமானா சுவரு முட்டும். நேரா இருக்கறது பகல்ல தெரியும். பக்கத்துல எதுவும் தெரியாது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஏதோ ஒரு இலைச்சாறு விட்டாங்க கண்ணுல."

"ஆசிரமத்துலயா?"

"ம்."

"நல்லா விட்டாங்க." அவள் ஒரு புனுகுலுவை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஆறிப் போய் ரப்பராகியிருந்தது. "இதுக்குத்தான் வந்தியா? கண்ணு போச்சுன்னு?"

"சொல்லாம இருக்கணும்னுதான் வந்தேன். பகல்லயே உன்னைப் பாத்துப் பேசிட்டு, இருட்டறதுக்குள்ள எங்கயாவது போய்ப் படுத்துக்கலாம்னு நெனச்சேன். நீதான் அசையாதேன்னுட்ட. அப்புறம் போயிடுன்னப்ப எனக்கும் மனசு வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரித்தாலும் பலகை ஆடுமே. அப்புறம் அது சிரிப்புதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்படி இருக்கு வேணி? படகெல்லாம்?" என்று அவன் கேட்டான்.

"நாளைக்குப் படத்துல பாரு. இப்ப என்னால பேச முடியாது."

அவன் சரி என்றான். தண்டவாளத்தின் கடைசி முனைக்குக் கேமரா போய் முட்டி நிற்கும்வரை இருவரும் தோள் இடிக்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது எர்ரய்யா சாமான்களைத் தூக்கிக்கொண்டார். அவள் கொண்டலராவைத் தூக்காத குறையாகப் படி படியாக இறக்கினாள். "குடிச்சிருக்காரா தாயீ?" என்று எர்ரய்யா காதோடு கேட்டார். "இல்ல. குடிச்சிருந்தா காலையில சரியாயிடும்" என்றாள் அவள்.

மறுநாள் ஸ்டூடியோவில் படங்களைக் கோர்த்து ஓடவிட்டாள். கொண்டலராவ் திரைக்கு நேராக, மூக்கு இடிக்கிற தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வெளிச்சமாக இருந்தால் அவனுக்குத் தெரிந்தது. சிவந்த மலை கருத்தது. வானம் நீலமாகியது. படகுகள் பற்றிக்கொண்டதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

"அடேயப்பா," என்றான். தொழில்காரன் தொழில்காரியிடம் சொல்கிற அடேயப்பா. வேணிக்கு அது பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அவன் திரையில் விரலை வைத்தான். "இங்க குலுங்குது."

"ஆமா."

"நான் நடந்ததா?"

"நீ நடந்தது கொஞ்சம். மீதி நான் நடந்தது."

அந்தப் படங்களை வெட்டி எறிந்து பார்த்தாள். படகுகள் ஒரு துள்ளு துள்ளின. வெட்டாமல் விட்டால் விளக்குகள் நெளிந்தன. நீலம் வந்து நின்ற இடத்திலேயே கோளாறு. ஹைதராபாத்காரர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு மேடம், நடுவுலதான்..." என்று இழுத்தார். கடைசியில் பகலில் ஒரு துண்டு, இரவில் ஒரு துண்டு எடுத்து நடுவே ஒன்றை இன்னொன்றில் கரைய விட்டுப் போட்டுக்கொண்டார்கள். அப்படிக் கரைய விடுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வேண்டியதில்லை. அவள் வருத்தப்பட்டாளா என்றால், ஒரு நாள் பட்டாள். அடுத்த நாள் கஜுவாகா பக்கம் ஒரு மேம்பாலத்தைப் படமெடுக்கப் போக வேண்டியிருந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டரம்மா. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம், சாகும்வரை சொட்டு மருந்து விட வேண்டும். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று அவர் கொண்டலராவைக் கேட்காமல் வேணியைப் பார்த்துக் கேட்டார். பதில் சொல்வதென்றால் வேணி ஒரு கதையே சொல்ல வேண்டியிருக்கும். "இவரு வீட்டுல இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

கொண்டலராவ் ஸ்டூடியோவின் முன்னறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டான். உள்ளறைக்கு அவள் கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. காலையும் மாலையும் அவள் அவன் தாடையை நிமிர்த்திக் கண்ணில் மருந்து விடுவாள். அவனே விட்டால் பாதி தாடியில் போய்விடும். பக்கத்துக் கடைக்காரர்கள் "கூண்டுக்குத் திரும்பி வந்தாச்சா?" என்று கிண்டல் செய்தார்கள். "கதவு எங்கன்னு தெரியலையே, அதான் இருக்கேன்" என்று அவனும் சொல்லிச் சிரித்தான். வேணிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பேச்சு வார்த்தையில் அத்தை பேர் வந்தால் இருவருமே சட்டென்று வேறெதையாவது எடுத்தார்கள்.

ஹாரிகா போனில் கேட்டாள். "சமாதானம் ஆயிட்டீங்களாம்மா?"

"சண்டை போடவே இன்னும் நேரம் கிடைக்கலடி. ஆஸ்பத்திரி, மருந்து, ஷூட்டிங். ஓய்வு கிடைக்கட்டும், நல்லா ஒரு நாள் வெச்சுக்கறேன்."

"அப்பாவை அங்கயே வெச்சுக்கப் போறியா?"

"வேற எங்க வெக்கறது? உன் ஹாஸ்டல்ல இடம் இருந்தா சொல்லு."

ஹாரிகா பேச்சை மாற்றினாள்.

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு நாள், கடற்கரைச் சாலையில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றின் மொட்டை மாடியில் வேலை வந்தது. அதுவும் பகலிலிருந்து இரவுவரை. கொண்டலராவ் தானும் வருகிறேன் என்றான். "வந்து என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். "உக்காந்திருக்கிறதுதானே வேலை. ஆறு வருஷம் அதைத்தான் பண்ணேன்" என்றான். கூட்டிப் போனாள். இந்த முறை சிமென்ட் தளம், யார் நடந்தாலும் பயமில்லை. தண்டவாளத்தை முடுக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

வெயில் இறங்க இன்னும் நேரம் இருந்தது. வெளிச்சம் ஒரே சீராக இருந்தது, மாற்ற ஒன்றுமில்லை. முந்தின நாள் தூங்காத தூக்கம் அவள் கழுத்தைப் பிடித்து அமுக்கியது. தலை இரண்டு முறை தொங்கி நிமிர்ந்தது.

"தூங்கு," என்றான் அவன்.

"ஓடிட்டிருக்கு பாவா. நின்னுட்டா?"

"நின்னா தெரியாதா எனக்கு? காது நல்லாத்தான் இருக்கு. டிக்குன்னு ஒண்ணு, கர்ருன்னு ஒண்ணு. மாறிச்சுன்னா எழுப்பறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பவன்போல, தண்டவாளத்தின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நம்பலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நம்பாமல் விழித்திருக்க உடம்பில் எதுவும் மிச்சமில்லை. கைப்பேசியை மடியில் வைத்து, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, தொட்டியின் காலோரம் சாய்ந்தாள். தொழிலுக்கு வந்த பிறகு ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் அவள் கண்ணை மூடியதே இல்லை.

வெயில் நன்றாகச் சாய்ந்தபோது அவன் அவள் காலைத் தட்டினான்.

"என்ன, நின்னுடுச்சா?"

"இல்ல. முகத்துல சூடு குறைஞ்சிருக்கு. வெளிச்சம் இறங்குது போல. நீ பாத்துக்கோ."

அவள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.